ஹாரன் அடிக்காமல் போன பஸ்கள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. ஒட்டி என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது தோட்டத்தில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். மிச்சப் பாதியில் ஒரு வேப்பமரம், ஒரு கொய்யா, நாலைந்து கத்திரிச்செடி. கொய்யா இலையைத் தொட்டால் விரலில் கரி ஒட்டும். இத்தனை வருஷம் அந்த ரோட்டின் சத்தம் எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. என் குரலும் லேசுப்பட்டதில்லை. டேங்கர் லாரி போய்க்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டு ஜெயித்தவள் நான்.

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகுதான் அந்தச் சத்தம் எனக்கு எதிரியானது. அவர் இதே ரோட்டில் தனியார் பஸ் ஓட்டியவர். கடலூர், சிதம்பரம், மறுபடி கடலூர் என்றே அவர் காலம் போனது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த கொஞ்ச நாளில் குரல் கம்மியது. சளி என்று நினைத்து நானும் கஷாயமாக வைத்துக் கொடுத்தேன். சளி இல்லை. சிதம்பரத்தில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தெனமும் பேச வைங்கம்மா. பேசாம விட்டா இருக்குற கொரலும் போயிடும். ஆனா கஷ்டப்பட்டு ஒசத்திப் பேசக் கூடாது. சத்தம் ஜாஸ்தியா இருக்குற எடத்துல பேச விடாதீங்க. அமைதியான எடமா பாத்துக்குங்க."

அமைதியான இடத்துக்கு நான் எங்கே போவேன். கட்டின வீட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டா போக முடியும்.

வீட்டுக்குள்ளே ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார வைத்துப் பார்த்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோட்டத்தில் நாற்காலியைப் போட்டால்தான் முகம் தெளியும், வாயைத் திறப்பார். திறந்தால் வருவது வெறும் காற்றுதான். அந்தக் காற்றுக்குள் எங்கேயோ ஒரு வார்த்தை இருக்கும். அதைப் பிடிக்க நான் காதை அவர் வாய்க்கிட்டே கொண்டுபோவேன். சரியாக அப்போது ஒரு பஸ் வரும். "என்னாங்க சொன்னீங்க?" என்பேன். மறுபடி சொல்வார். மறுபடி ஒரு லாரி. இன்னொரு தரம் கேட்டால், விடு என்று கையை ஆட்டிவிடுவார். இப்படி அவர் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது எவ்வளவோ. வயிற்றெரிச்சல் தாங்காமல் ரோட்டைப் பார்த்துச் சாபம் விடுவேன்.

சாபம் பலிக்காது என்று தெரிந்த பிறகு ஆக வேண்டிய வேலையைப் பார்த்தேன். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு நர்சரியிலிருந்து நெட்டிலிங்கக் கன்று வாங்கி வந்து வேலியோரம் நெருக்கி நட்டேன். "சத்தத்த அப்படியே குடிச்சிரும்க்கா" என்று நர்சரிக்காரன் சொன்னான். குடித்ததெல்லாம் நான் ஊற்றிய தண்ணீரைத்தான். பச்சை வலை வாங்கி இரண்டு மடிப்பாகக் கட்டினேன். கத்திரிச்செடிக்கு நிழலாச்சு, அவ்வளவுதான். கடைசியில் என் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் கொத்தனார். ரோட்டுப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே மதில் எழுப்பு என்றேன்.

மதில் நெஞ்சு உயரம் வந்தபோது வீட்டுக்காரர் எழுந்துபோய் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டித் தம்பியிடம் ஏதோ ஜாடை செய்தார்.

"அக்கா, இந்த எடத்துல அடைக்காம ஒரு கம்பி ஜன்னல் வைக்கச் சொல்றாரு மாமா. காத்து வேணுமாம்."

"அடைச்சிக் கட்டுடா. ஓட்டைய வச்சிட்டு அப்புறம் மதிலு எதுக்கு?"

"மாமா கேக்குறத நான் எப்படிக்கா இல்லன்றது?"

எங்கள் பக்கம் அக்கா புருஷன் வார்த்தையைத் தம்பி தட்ட மாட்டான். நான் காட்டுக் கத்தலாகக் கத்தியும் கம்பி ஜன்னல் வைத்துவிட்டுத்தான் போனான். மதில் முடிந்ததும் லாரி டயர் உருளுகிற இரைச்சல் நிஜமாகவே அடங்கியது. ஆனால் ஜன்னல் வழியாக மிச்சமெல்லாம் வந்தது. இந்த மனுஷன் நாற்காலியை நேரே அதற்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. காற்றும் இல்லை, கீற்றும் இல்லை. இந்த லைனில் ஓடுகிற டிரைவர்களில் பாதிப்பேர் அவரிடம் கண்டக்டராகவும் கிளீனராகவும் இருந்து மேலே வந்தவர்கள். எங்கள் வீட்டைத் தாண்டும்போது ஹாரன் அடிக்காமல் போக மாட்டார்கள். பெரியவர் வீட்டைக் கும்பிடாமல் போனால் மரியாதை இல்லை என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம். சும்மா ஹாரன் இல்லை, ஏர் ஹாரன். ஒருத்தன் வேகமாக வந்து ரெண்டு தட்டு தட்டுவான். ஒருத்தன் பாட்டு மாதிரி இழுப்பான். ஒவ்வொன்றுக்கும் இவர் வலது கையைத் தூக்குவார். நான் எவ்வளவு மதில் எழுப்பினாலும் இந்தப் பாசம் காதைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும். அதிலேயே அவர் சொல்கிற பாதி வார்த்தை செத்துப்போகும்.

கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். முன்னே இவரிடம் கண்டக்டராக இருந்து இப்போது டிரைவராக இருக்கிறவரைப் பார்த்துச் சொன்னேன்.

"எங்க வீட்டுக்கிட்ட ஹாரன் அடிக்காதீங்கப்பா. அவுரு பேசுறது எனக்குக் கேக்கணும். இருக்குற கொரலையாச்சும் காப்பாத்தணும்."

"தெரியாமப் போச்சே அண்ணி. எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்."

சொன்னபடி செய்தார்கள். மறுநாளிலிருந்து ஒரு பஸ் கூட அடிக்கவில்லை. பஸ் தெரிந்ததும் இவர் பழக்கத்தில் கையைத் தூக்குவார். பஸ் பேசாமல் போய்விடும். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார். மத்தியானத்துக்கு மேல் கையைத் தூக்கவே இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏதாச்சும் பேசுங்க. இப்ப நல்லா கேக்குது."

ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "மறந்துட்டானுங்க."

"மறக்கலங்க. நான்தான் போய் அடிக்க வேணாம்னு சொன்னேன்."

என்னைப் பார்த்துச் சிரித்தார். என் தோளைத் தட்டிக் கொடுத்தார். நான் அவரைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்வதாக நினைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் "ஒண்ணுமில்லங்க, சின்னக் கட்டிதான்" என்று நான் சொன்ன பச்சைப் பொய்யை நம்பியவர் அவர். இந்த உண்மையை நம்பவில்லை. சத்தியம் பண்ணினேன், அப்போதும் சிரிப்புதான். அதற்கப்புறம் பேச்சு குறைந்துகொண்டே போனது. கேட்டால் தலையை ஆட்டுவார். தோட்டம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

வெட்கத்தை விட்டு மறுபடி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பழையபடி அடிங்கப்பா என்றேன். அந்த டிரைவர் முழித்தார். "அடிக்கணுமா வேணாமா அண்ணி?"

"அடிங்க. நல்லா அடிங்க."

அடுத்த நாள் காலையில் முதல் பஸ் எங்கள் வீட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, நிதானமாக நீட்டி அடித்துவிட்டுப் போனது. அடுத்த பஸ்ஸும் அதே இடத்தில் வேகம் குறைத்து அதே மாதிரி. அதற்கடுத்ததும் அப்படியே. ஆளுக்கொரு விதமாக அடித்த பயல்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி அடித்தார்கள். அவர் கை மடியிலேயே கிடந்தது. ஆயுசு முழுக்க ஹாரன் அடித்தவருக்குத் தெரியாதா, எது தானாக வந்தது, எது சொல்லி வந்தது என்று.

என் பக்கம் திரும்பினார். ரோட்டில் அப்போது ஒரு வண்டியும் இல்லை.

"போய்க் கேட்டியா?"

நான் கத்திரிச்செடிப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"வேணாம்னு சொல்லிடு."

நான் குனியவில்லை, காதைக் கிட்டே கொண்டுபோகவில்லை. ஒவ்வொரு எழுத்தும் அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் செய்ததில் தப்பு இருப்பதாக எனக்கு இன்னமும் படவில்லை. என் புருஷன் பேசுவது எனக்குக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது ஒரு பெரிய ஆசையா. அன்றைக்குப் பிறகு அவர் தோட்டத்துக்கு வரவில்லை. டாக்டரம்மா பயந்த மாதிரியே, பேசாமல் கிடந்து குரல் போய்விட்டது. பசித்தால், வலித்தால் எல்லாம் ஜாடைதான். அவர் வாயிலிருந்து நான் கடைசியாகக் கேட்டது அந்த "வேணாம்னு சொல்லிடு" தான்.