பச்சைத் தோல் வார்

என் மேஜை மேல் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் வார் ஒன்று கிடக்கிறது. பதனிடாத ஆட்டுத்தோல், காய்ந்து, முடிச்சோடு விறைத்துப்போனது. இந்தக் கண்றாவியை வீட்டில் எதற்கு வைத்திருக்கிறேன் என்று என் மனைவி திட்டாத வாரம் கிடையாது. திட்டட்டும். பட்டை மேஸ்திரி கையால் கட்டிய வார் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வாணியம்பாடித் தோல் ஷாப்பு ஒன்றில் நான் குமாஸ்தா. தோல் பதனிட ஆவாரம்பட்டை வாங்கிச் சேர்ப்பவர் மேஸ்திரி. என்னைவிட ஒரு வயது இளையவர். யுத்தம் முடிந்து பட்டாளச் சாமான்களை ஏலம் விட்டபோது, முதலாளி இரண்டு மடக்கு சைக்கிள் எடுத்து வந்தார். நடுக்கீலின் திருகைத் தளர்த்தினால் இரண்டாக மடங்கும். ஏலகிரி அடிவாரக் கரட்டில், ஆடு போகும் தடத்தில், நாங்கள் அதை ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே! தடம் உள்ளவரை மிதிப்போம்; பாறை வந்தால் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவோம். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

ஒரு வருஷம் பட்டைக்கு ஏகக் கிராக்கி. சுண்ணாம்புத் தொட்டியில் எண்ணூறு தோல் கிடக்கிறது; இரண்டு நாளில் பட்டைத் தண்ணீருக்கு மாற்றாவிட்டால் அழுகிவிடும். அடிவாரத்து ஊரில் பட்டை இருந்தது. அதற்கு வேறொரு ஷாப்பு ஆள் வண்டி கட்டிப் புறப்பட்டுவிட்டான். பட்டை இல்லாமல் வந்தால் வேலையும் இல்லை என்று முதலாளி மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார். வண்டிப்பாதை சுற்று, கரடு குறுக்கு. இருவரும் சைக்கிளில் கிளம்பினோம்.

என் சைக்கிளின் கீல் திருகு முந்தின வாரமே தொலைந்திருந்தது. ஈரத்தோல் வாரால் இறுக்கிக் கட்டிக் காயவிட்டிருந்தேன். காய்ந்தால் இரும்புதான். நனைந்தால்? தினமும் தோலை ஊறப்போடுகிற இடத்தில் சம்பளம் வாங்குகிறவனுக்கு அது தோன்றவில்லை பாருங்கள்! கானாற்று மணலில் சக்கரம் புதைந்து, தண்ணீருக்குள்ளேயே வெகுநேரம் இழுபறி. கரையேறி மேட்டுக்கு வந்ததும் வார் இளகி, சைக்கிள் என் அடியிலேயே மடங்கியது. நான் ஆவாரம் புதருக்குள் கிடந்தேன். கால் பிசகிவிட்டது.

மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தூரத்தில் அந்த ஷாப்பு வண்டியின் மாட்டு மணி கேட்டதும் சிரிப்பு நின்றது. என்னை விட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போயிருக்கலாம். தன் சைக்கிளையும் தலைப்பாகையையும் என்னிடம் நீட்டினார்.

“இனிமே இறக்கந்தான், மிதிக்கவே வேணாம். என் தலப்பாவக் காட்டுங்க, எனக்குன்னு எடுத்து வைப்பாங்க.”

வண்டிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். தலைப்பாகையைப் பார்த்ததும் பட்டை எங்களுக்கு என்று ஆயிற்று. உச்சி வெயிலில், மடங்கிய சைக்கிளைத் தலையில் சுமந்துகொண்டு மேஸ்திரி வந்து சேர்ந்தார்.

மறுநாள் முதலாளி கீலைப் பார்த்துவிட்டு, எந்த முட்டாள் இதைக் கட்டினான் என்று கேட்டார். “நான்தான்” என்றார் மேஸ்திரி. நான் வாயைத் திறந்தேன்; பிசகிய காலையே பார்த்து மிதித்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன்.

“பட்டை வந்துடுச்சில்ல? யார் கட்டுனா இன்னா?”

அதோடு வாரை முடிச்சோடு உருவி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நேற்று மேஜையில் செம்புத் தண்ணீர் கொட்டி, வார் ஊறிக் கொழகொழத்து, முடிச்சு அவிழ்ந்துவிட்டது. இதுதான் சாக்கு என்று என் மனைவி தூக்கியெறியப் போனாள். பிடுங்கி, அதே மாதிரி முடிச்சுப் போட்டேன். கை தானாகவே போட்டது. அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இந்த முடிச்சு உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள்.

“அன்றைக்கும் கட்டியது நான்தான்” என்றேன்.