உப்புக்குள் ஒரு பிலிம் டப்பா

குயிலாப்பாளையத்தை விட்டு வடக்கே நடந்துகொண்டிருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்கள் என்னைத் தாண்டிப் போயின. ஏற மனமில்லை. குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது, அறை பெருக்குவது என்று சில மாதம் இருந்தேன். அன்று காலை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. எல்லா இடத்தையும் நான் அப்படித்தான் விட்டிருக்கிறேன், பள்ளிக்கூடத்தையும் சேர்த்து.

தோளில் துணிப்பை. மடியில் ஒரு பிலிம் டப்பா. கேமராவுக்கான பிலிம் சுருள் அப்போதெல்லாம் அந்தக் கறுப்பு டப்பாவில்தான் வரும். வெளிநாட்டுக்காரர்கள் காலிசெய்த அறைகளில் பெருக்கும்போது கிடைக்கும். அதில் பஞ்சு வைத்து என் பழைய காசுகளை அடைத்திருந்தேன். பெரும்பாலும் செம்பு. ஒன்றே ஒன்று வெள்ளி. கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் பூக்கள். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஆண்ட காலத்துக் காசு. அங்கே ஒரு வீட்டில் கக்கூஸ் குழி தோண்டியபோது என் மண்வெட்டியில் வந்தது. வீட்டுக்காரரிடம் காட்டினேன். "தகரம்பா, நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காசு சேர்க்கிறவர்கள் திருடனிடம் பறிகொடுப்பது குறைவு என்பது என் எண்ணம். தொலைப்பதற்கு அவர்கள் கையே போதும். விடுதி முதலாளி நல்ல வெள்ளி ரூபாய் ஒன்றை யாருக்கோ காட்டுவதற்காகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாதா கோயில் பூசைக்குப் போனார். காணிக்கைப் பை வந்தபோது கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போட்டுவிட்டார். பிறகு சாமியார் வீட்டு வாசலில் போய் நின்று, போட்டதைத் திருப்பிக் கேட்க வாய் வராமல் திரும்பி வந்தார். நானும் லேசுப்பட்டவன் இல்லை. எனக்குக் கிடைத்த முதல் செம்புக் காசைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, பழங்காசு வாங்கும் பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாபா, காசக் கொன்னு எடுத்துனு வந்துருக்க" என்றார். தேய்த்ததில் எழுத்தெல்லாம் போய்விட்டிருந்தது. அதனால்தான் வெள்ளிக்காசை நான் துடைக்கக்கூட இல்லை. வேலைகள், ஊர்கள், சிநேகிதங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவனோடு கூடவே வந்தவை இந்தக் காசுகள்தான்.

அனுமந்தை தாண்டி, உப்பளங்கள் தொடங்கிய இடத்தில், தூரத்தில் ஒரு போலீஸ் ஜீப் நிற்பதைப் பார்த்தேன். வேறோர் ஊரில் மடியில் பழைய காசோடு அகப்பட்டு, எந்தக் கோயில் உண்டியல் என்று கேட்டு ஒரு நாள் முழுக்க உட்கார வைக்கப்பட்டவன் நான். சாலையை விட்டு உப்பளத்துக் கரைக்கு இறங்கினேன். பனையோலை வேய்ந்த உப்புக் குவியல்கள் வரிசையாக நின்றன. ஒன்றில் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. அதுதான் அடையாளம் என்று மனதில் வைத்துக்கொண்டேன். ஓலையைத் தூக்கி, முழங்கை வரை கையை விட்டு டப்பாவை உப்புக்குள் சொருகிவிட்டுச் சாலைக்கு வந்தேன். ஜீப்பில் இருந்தவர்கள் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தேன். ஜீப் வெகுநேரம் கிளம்பவே இல்லை. அது கிளம்பியபோது வெயில் சாய்ந்துவிட்டது.

திரும்பிப் போனேன். சைக்கிள் குவியலில் சாய்ந்தபடியே நின்றது. நிம்மதியாகக் கையை விட்டேன். உப்பு மட்டும்தான். இன்னும் ஆழமாக விட்டேன். அந்தப் பக்கம், இந்தப் பக்கம் துழாவினேன். விரல் நுனி எரிந்தது.

"டேய், சைக்கிளாண்ட இன்னா பண்ற?"

அளத்தில் வேலை செய்கிற ஆள். தலையில் துண்டும் கையில் உப்பு இழுக்கும் பலகையுமாக வந்தான்.

"ஒரு காசு டப்பா வச்சேங்க. சைக்கிள் நின்ன குவியல்ல."

"எப்ப வச்ச?"

"மத்தியானம்."

அவன் சிரித்துவிட்டான். "மத்தியானம் அது அந்தாண்ட நின்னுது. வெயிலு திரும்பத் திரும்ப நெழலுக்குத் தள்ளிக்கினே வருவேன். டியூபு வெடிச்சா நீயா மாத்திக் குடுப்ப?"

"அந்தாண்டன்னா எந்தக் குவியல்?"

"அத எவன் பார்த்தான்? நான் நெழலப் பார்த்தேன்."

வேலை முடிந்து வந்த பெண்கள் கூடைகளோடு நின்றார்கள். ஒருத்தி கேட்டாள், "இன்னாத்தத் தேடறாரு?"

"உப்புல காச வச்சிட்டாராம்" என்றான் அவன்.

"ஏன், மொளைக்கும்னு வெதச்சாரா?"

சிரிப்பு அடங்குவதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். வயதானவர், முழங்கால் வரை வெளுத்த உப்பு. நான் அடுத்த குவியலின் ஓலையைப் பிடித்திருந்தேன்.

"ஓலைய வுடு. மழை வந்தா மொத்தமும் கரைஞ்சி ஓடும். எங்கத்திக் காசு அது? கோயில்தா?"

"குழி தோண்டும்போது வந்ததுங்க. வீட்டுக்காரரு வேணாம்னுட்டாரு."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. வரிசையைக் கண்ணால் ஒரு முறை பார்த்தார். "நாளைக்குக் காலைல இந்த வரிசையத்தான் பிரிக்கப்போறோம். லாரி வருது. இங்க ஏத்துனா நேரா அரவை மில்லு. அப்புறம் உன் காசு பொடிதான்."

அதுவரை எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை. மில் என்றதும் வந்தது. கெஞ்சிப் பிரயோஜனமில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கேட்க வேண்டியது வேறு.

"மேஸ்திரி, கூடைக்கு வாரிப் போடுற வேலைய எனக்குக் குடுங்க. ஒவ்வொரு மண்வெட்டி உப்பும் என் கண்ணு முன்னாடிதான் போகும்."

"மண்வெட்டி புடிச்சிருக்கியா?"

"அதுலதாங்க அந்தக் காசே வந்துது."

சைக்கிள்காரன், "கெடைச்சதும் மண்வெட்டியப் போட்டுட்டு ஓடிருவான் மேஸ்திரி" என்றான்.

"ஓட மாட்டேன். முதல் குவியல்லயே கெடைச்சாலும் இந்த வரிசை முடியுற வரைக்கும் நான்தான் வாருவேன்."

சொன்ன பிறகுதான் அதன் கனம் எனக்கு உறைத்தது. எந்த வேலைக்கும் நான் அப்படி முடிவு வரை என்று வாக்குக் கொடுத்ததில்லை.

"சொல்றது ஈசி," என்றார் மேஸ்திரி. "விடியுறதுக்குள்ள வந்து நில்லு. லேட்டா வந்தா வேற ஆளு."

நான் ஊருக்குள் போகவே இல்லை. லாரி நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போர்வையை விரித்துக்கொண்டேன்.

காலையில் மேஸ்திரி வந்தபோது மண்வெட்டி வைத்திருக்கும் கொட்டகை வாசலில் நின்றேன். அவர் ஒரு மண்வெட்டியை எடுத்து நீட்டினார். முதல் குவியலின் ஓலையைப் பிரித்தோம். பெண்கள் சும்மாடு சுற்றிக்கொண்டு வரிசையில் வந்தார்கள். கால் வெடிப்புகளில் உப்பு ஏறி எரிந்தது. ஒவ்வொரு மண்வெட்டி உப்பையும் கூடையில் சரித்து, கறுப்பாக ஏதாவது உருளுகிறதா என்று பார்த்தேன்.

நேற்று 'வெதச்சாரா' என்று கேட்டவள்தான் முதலில் பொறுமை இழந்தாள். "அண்ணே, வாரப் போறியா, பாக்கப் போறியா? குனிஞ்சி நின்னு இடுப்பு ஒடியுது."

"ரெண்டும் பண்ணணும்மா. நீ கூடைய நேரா புடி."

"நல்லா வந்து மாட்டுனோம்டி இவருகிட்ட" என்றபடி கூடையோடு லாரிக்கு நடந்தாள்.

குவியல் தரை தட்டியது. டப்பா அதில் இல்லை. மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் மண்வெட்டியைக் கீழே வைக்காமல் அடுத்த குவியலுக்கு நடந்து, ஓலையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன்.