மோரீனின் வெயிலும் அக்காவின் உள்ளங்காலும்

போன ஆனி மாதம் நல்ல வெயில் எறித்த ஒரு நாளில் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து குட்மேய்ஸுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இருந்த இளம்பெண் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துத் தோளில் பூசத் தொடங்கினாள். குப்பென்று தேங்காய் வாசம். தேங்காய் மணத்தால் ஒரு யாழ்ப்பாணத்து மனுசனுக்குச் சமையலறைதான் ஞாபகம் வர வேண்டும். எனக்கோ புல்தரையில் மல்லாந்து கிடந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஞாபகம் வந்தார். இதை வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "மோரீன்தானே?" என்றாள். அவளுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நான் லண்டனுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கிருந்த ஒரே உறவு அக்கா. அவரும் அத்தானும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு குட்மேய்ஸில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். அத்தானுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. அக்கா வீட்டிலிருந்து தையல் வேலை செய்தார். மேல் மாடியில், கட்டிலைப் போட்டால் கதவைத் திறக்க ஏலாத அறை எனக்குக் கிடைத்தது. அங்கிங்கு வேலை செய்து அலைந்த பிறகு, ஃபாரஸ்ட் கேட்டில் படம் கழுவிக் கொடுக்கும் கடை ஒன்றில் நிலைத்தேன். பிலிம் ரோலைக் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் படங்கள் தயாராக இருக்கும். மெசின் என் பொறுப்பு. கவுண்டர் மோரீனின் பொறுப்பு.

மோரீனுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர், கணவர் இல்லை, ஒரே மகளும் கலியாணம் முடித்துத் தூரத்தில் இருந்தாள். அவருடைய ஒரே ஆசை கறுப்பது. பங்குனி மாதமே பக்கத்துத் தெருவில், தோலைக் கறுக்க வைக்கும் சன்பெட் வைத்திருந்த கடைக்குப் போகத் தொடங்கிவிடுவார். ஆள் உள்ளே படுக்க, மூடியைச் சாத்தி, நீல விளக்குகளைப் போடுவார்கள். ஒருநாள் அவர் விட்டுவிட்டு வந்த குடையை எடுக்கப் போனபோது அந்தப் பெட்டியை எட்டிப் பார்த்தேன். எனக்கு வேறு பெட்டிதான் நினைவுக்கு வந்தது. ஆவணியில் ஸ்பெயினுக்குப் போவார். இடைப்பட்ட மாதங்களில் வெயில் தலைகாட்டினால் மதிய இடைவேளையில் வான்ஸ்டெட் பிளாட்ஸ் புல்வெளிக்கு ஓடுவார். முழங்காலுக்கு மேல் பாவாடையை இழுத்துவிட்டு, கை கால் எல்லாம் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, அப்படியே படுத்துவிடுவார். நான் தள்ளி ஒரு மரத்தடியில் இருந்து புட்டும் சம்பலும் சாப்பிடுவேன். எண்ணெய் பூசிக்கொண்டு வெயிலில் கிடப்பதை நான் அதற்கு முன் கருவாட்டு வாடியில்தான் கண்டிருந்தேன். அதுவும் எண்ணெய் இல்லாமல்.

ஸ்பெயினிலிருந்து திரும்பிய முதல் நாள் அவர் செய்யும் முதல் வேலை, தன் கையை என் கையோடு சேர்த்து வைத்துப் பார்ப்பது. "இன்னும் உன் நிறத்தை எட்டிப் பிடிக்கவில்லையே!" என்று கவலைப்படுவார். நான் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொள்வேன். என் கவலை வேறு.

ஏனென்றால் அந்த நாளில் அக்கா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் எறித்தால் குடையில்லாமல் அக்கா தெருவில் இறங்க மாட்டார். என்னையும் விட மாட்டார்.

"வெயிலுக்க நிக்காத. நீ கறுத்துப் போய் நிண்டா நான் பொம்பிளை வீட்டுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"அக்கா, இது லண்டன் வெயில்."

"லண்டன் வெயில் எண்டா வெள்ளையே அடிக்கும்?"

இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் என் மெசின். அதில் படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்க ஒரு பொத்தான், கறுப்பாக்க ஒரு பொத்தான் இருந்தன. சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் கலியாண வீட்டுப் படங்களோடு வருவார்கள். "தம்பி, பிள்ளையின்ர முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாப் போட்டுத் தாரும்" என்று காதோடு சொல்வார்கள். புரட்டாதி பிறந்தால் வெள்ளைக்காரர்கள் விடுமுறைப் படங்களைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். "நான் இதைவிட நல்ல நிறமாக இருந்தேனே, கொஞ்சம் கறுப்பாக எடுத்துத் தர முடியாதா?" ஒரு பக்கத்துக்கு ஒரு பொத்தானை அமர்த்தி, மறுபக்கத்துக்கு மற்றப் பொத்தானை அமர்த்தி, பல வருடங்கள் இரு தரப்பாரையும் சந்தோசமாக வைத்திருந்தேன். ஒருநாள் இரு தரப்பாரின் பிலிம் கவர்களும் மாறிப்போய், பொத்தான்களும் மாறிவிட்டன. கடையில் நடந்த அமளியை இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. ஒரு வைகாசியில் மோரீன் கெண்டைக்காலில் பெரிய கட்டோடு வேலைக்கு வந்தார். காலில் சிறு வயதிலிருந்தே இருந்த மச்சம் ஒன்று வடிவம் மாறி, ஓரம் கலைந்து, கறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. வேறு எதற்கோ டொக்டரிடம் போன இடத்தில் அங்கிருந்த நேர்ஸ் அதைக் கண்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். தோல் கான்சர். ஆழமாகப் போகவில்லை, தப்பினேன் என்றார். சொல்லும்போது கவுண்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் ஒரு தூசியும் இல்லை.

அதற்குப் பிறகு மோரீன் மரத்தடிக்கு வந்துவிட்டார். அகலத் தொப்பி, நீளக் கை, வெள்ளைக் களிம்பு. "உன்னுடைய ஆட்களுக்கும் வரும். உள்ளங்கை, உள்ளங்கால், நகத்துக்குக் கீழே பார்த்துக்கொள் என்று நேர்ஸ் சொன்னா" என்றார். "எங்களுக்கெல்லாம் அது வராது மோரீன்" என்று சொல்லி அவருக்கும் கொஞ்சம் புட்டு வைத்தேன். அந்த நாளில் நான் அறியாத விசயங்களைத்தான் ஆக உறுதியாகச் சொல்லுவேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம், "மோரீனுக்கு மச்சத்தால பெரிய கரைச்சலாம்" என்றேன்.

"அப்ப மரக்கறி சாப்பிடச் சொல்லு" என்றார் அக்கா, தையல் மெசினில் இருந்து தலை நிமிராமலே.

எங்கள் வீட்டில் மச்சம் என்றால் மீனும் இறைச்சியும்தான். விளக்கிச் சொன்னதும் அக்கா பதறிப்போனார். "பாவம் மனுசி, தனியாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூட்டிக்கொண்டு வா." மோரீனை அப்படித்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். நான் எப்போதும் "அக்கா, அக்கா" என்று சொல்லிக் கேட்டதால் அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டு, தன்னைவிடப் பத்து வயதாவது இளைய அக்காவை, "ஹலோ அக்கா!" என்று கட்டிப்பிடித்தார். அக்கா அதைத் திருத்தவில்லை. அவருக்குப் பிடித்துவிட்டது.

இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பொரியல். சாப்பிட்டபின் பின்வளவுக்குப் போனோம். மோரீனைச் சுவர் நிழலில் கதிரையில் இருத்திவிட்டு அக்கா பாயைப் போட்டுக் காலை நீட்டி இருந்தார். பேசிக்கொண்டிருந்த மோரீன் திடீரென்று நிறுத்தினார். கதிரையை விட்டு இறங்கிப் புல்லில் முழங்காலூன்றி, அக்காவின் இடது காலை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"ஐயோ! காலைத் தொடாதேங்கோ! தம்பி, அவவைத் தொட வேண்டாம் எண்டு சொல்லு!" அக்கா காலை இழுத்தார். மோரீன் விடவில்லை.

குதிக்காலில் ஒரு கறுப்புப் புள்ளி. ஒற்றுத்தாளில் மை விழுந்து ஊறியதுபோல ஓரம் ஒழுங்கில்லாமல் படர்ந்திருந்தது. ஒரே வீட்டில் இருந்த நான் அதைக் கண்டதில்லை. அக்காவின் உள்ளங்காலை நான் எப்போது பார்த்தேன்?

"எவ்வளவு காலமாக இருக்கு என்று கேள்" என்றார் மோரீன்.

"செருப்புக் கடிச்சது. ஒரு வருசத்துக்கு மேல இருக்கும். பிளாஸ்டர் போட்டுப் பாத்தனான், போகேல்லை. நோகாது எண்டு சொல்லு."

சொன்னேன். மோரீனின் முகம் தளரவில்லை. "என்னுடையதும் நோகவில்லை" என்றார்.

அவர் போன பிறகு அக்கா டொக்டரிடம் போக மறுத்துவிட்டார். முதலில், காலழுக்கைக் காட்டப் போனால் சிரிப்பார்கள் என்றார். பிறகு தைப்பதற்குக் கிடக்கிறது என்றார். உண்மைக் காரணம் இரண்டு நாட்கள் கழித்துத்தான் வெளியே வந்தது. அப்போது லண்டனின் தெற்கே சட்டனில் ஒரு குடும்பத்தோடு எனக்குக் கலியாணப் பேச்சு நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது.

"அது அந்த வருத்தம் எண்டு சொல்லிப்போட்டா? எங்கட சனத்துக்குத் தெரிஞ்சா உனக்கு ஆர் பொம்பிளை தருவினம்?"

"எனக்குப் பொம்பிளை வேண்டாம் அக்கா. வாங்கோ."

"விசர்க்கதை கதையாத."

அடுத்த நாள் காலையில் கதவு மணி அடித்தது. மோரீன், தொப்பியோடு. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். "அக்கா, கோட்டைப் போடு" என்றார். என்ன மாயமோ, அக்கா போய்க் கோட்டைப் போட்டார். நான் கெஞ்சி நடக்காதது அப்படி நடந்தது.

டொக்டர் உடனே ஆஸ்பத்திரிக்கு எழுதினார். அங்கே ஒரு துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு சொல்லும் நாளில் அத்தானுக்கு ஷிப்ட்; மொழிபெயர்க்க நான் போனேன், துணைக்கு மோரீனும் வந்தார். ரயிலில் போகும்போதே அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். பெரிய டொக்டர் சொல்லி முடித்ததும் நான் தொண்டையைச் செருமினேன். அக்கா என் கையைப் பிடித்து, "கான்சர் எண்டது எனக்கு விளங்கினது. மிச்சத்தைச் சொல்லு" என்றார்.

மிச்சம் இதுதான். இந்த வகை வெயிலால் வருவதல்ல. எங்களைப் போன்ற தோலுள்ளவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் வெயில் படாத இடத்தில்தான் வரும். குதிக்காலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும். இன்னும் பரவியதாகத் தெரியவில்லை, ஆனால் இனியும் பிந்தக்கூடாது.

அக்கா மடியில் கிடந்த குடையைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு காலமும் நான் ஆருக்குக் குடை பிடிச்சனான்?" என்றார். நான் அழத் தயாராக வைத்திருந்த முகத்தோடு சிரித்துவிட்டேன். மோரீன், என்ன, என்ன என்று கேட்டார். சொன்னதும் அவரும் சிரித்தார். டொக்டர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒப்பரேசன் நல்லபடியாக நடந்தது. அக்கா கட்டிலில் கிடந்த நாட்களில் மோரீன் வந்து சோறு வடித்தார். அக்கா கட்டிலில் இருந்தபடியே தமிழில் உத்தரவு போட, மோரீன் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, எப்படியோ சோறு பதமாகத்தான் இருந்தது. எழுந்து நடக்கத் தொடங்கியதும் அக்கா செய்த முதல் காரியம் சட்டனுக்கு போன் எடுத்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

"எனக்குக் காலில கான்சர் வந்து வெட்டி எடுத்தது. மறைச்சுக் கலியாணம் பேச எனக்கு ஏலாது. நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ."

நான் ரிசீவரில் என் காதையும் ஒட்டி வைத்தேன். பிறகு பெண்ணின் தாயார் மெதுவாகக் கேட்டார். "அது பாக்க எப்பிடி இருந்தது? இவரின்ர முதுகிலயும் ஒண்டு கிடக்கு. காட்டச் சொன்னா மாட்டன் எண்டுறார்."

மாமாவை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவருடையது வெறும் மச்சம். அடுத்த வருடம் கலியாணம் நடந்தது. அக்கா மெல்லச் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். மோரீன் அக்கா தைத்துக் கொடுத்த நீளக்கைச் சட்டையோடு பெண்களின் வரிசையில் நடுநாயகமாக இருந்தார்.

அதன் பிறகு அக்காவுக்கு ஒரு பழக்கம் வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும், சப்பாத்தைக் கழற்றி உள்ளே கால் வைப்பதற்குள், "சொக்ஸையும் கழட்டுங்கோ. காலைத் தூக்குங்கோ பாப்பம்" என்பார். பெரியவர், சின்னவர் பேதமில்லை. கையில் ஒரு டோர்ச் லைட். விரல் இடுக்கு, நகம், குதி எல்லாம் பார்த்துத்தான் தேத்தண்ணி. கோயிலுக்குக் காசு சேர்க்க வந்த ஐயா காட்டினார். பைப் திருத்த வந்த வெள்ளைக்காரர், இது ஏதோ எங்கள் வழக்கம் என்று நினைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். ஒருசிலரை அக்கா டொக்டரிடம் அனுப்பியும் வைத்தார். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அதில் அவருக்கு ஏமாற்றமே கிடையாது.

போனில் படம் எடுக்கும் காலம் வந்து எங்கள் கடையை மூடிவிட்டார்கள். மோரீன் கடற்கரைப் பட்டினத்தில் இருந்த மகளிடம் போய், நல்ல வயது வரை நிழலில் இருந்து, போய்ச் சேர்ந்தார். அக்காவும் பேரப்பிள்ளைகளைக் கண்டு, வயதாகி, தூக்கத்தில் போனார். கான்சர் திரும்ப வரவில்லை. குட்மேய்ஸ் வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். முன்வாசலை உடைத்துக் கார் நிறுத்தக் கல் பதித்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கும் ஆட்கள் வருகிறார்கள். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக அடுக்கி வைக்கிறார்கள். காலைக் காட்டுங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அந்த உரிமை அக்காவுக்கு மட்டும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குட்மேய்ஸுக்குப் போவதென்றால் எங்கள் சனம் வீட்டிலேயே குதிக்காலை உரஞ்சிக் கழுவி, ஓட்டை இல்லாத சொக்ஸாகத் தேடிப் போட்டுக்கொண்டு புறப்பட்ட ஒரு காலம் லண்டனில் இருந்தது. இப்போது அந்தக் குதிக்கால்கள் எல்லாம் எப்படி இருக்கின்றனவோ, யார் கண்டார்.