குப்பைக்கு நான் சொன்ன விலை

சாமான் வாங்க வருகிறவர் விலையைக் கேட்ட பிறகுதான் பேரம் பேசுவார், குப்பை அள்ளக் கூப்பிடுகிறவர் மட்டும் "இதுக்கும் விலையோ?" என்று கேட்டுவிட்டுத்தான் கதையையே தொடங்குவார். வேலையைச் செய்யுமுன் கூலியைச் சொல்லியாக வேண்டிய தொழிலில் மாட்டிக்கொண்ட என் இனத்தவர்களே, உங்களுக்கு இது நன்றாக விளங்கும்.

வவுனியாவில் கந்தோர், கடை, களஞ்சியம் என்று எதையாவது காலி செய்பவர்கள் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். இது ஐம்பதுகளின் கடைசிக் கதை. வீட்டில் ஒரு வண்டி, ஒரு சோடி மாடு, வேலைக்கு இரண்டு ஆட்கள். என் வீட்டுக்காரர், இவர், ஒரு கடையில் இரும்புப் பெட்டியைத் தூக்கப்போய் முதுகு முறிந்து படுக்கையில் விழுந்தார். பார்க்க வந்த இவருடைய தமையன், தம்பியைப் பார்த்த கையோடு மாட்டையும் சுற்றிப் பார்த்தார். அவருக்கு அக்கராயனில் வயல். "பொம்பிளை விலை பேசி ஆர் வேலை தரப்போகினம்? நெல் அரிவுவெட்டு வரைக்கும் பாப்பன். நடத்த ஏலாட்டி மாட்டை வயலிலை கதிர்ச் சூடு மிதிக்க நான் கொண்டு போறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சூடு மிதிக்கப் போகிற மாடு திரும்பி வராது என்பது எனக்குத் தெரியும். மாடு போனால் எங்களுக்குச் சோறு இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அடுத்த நாளே வேலை தேடிப் புறப்பட்டேன்.

இவர் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்து, இரண்டு வண்டி, மூன்று வண்டி என்று விலை சொல்லிவிடுவார். எனக்கு அந்தக் கண் இல்லை. ஆகவே ஒரு பனையோலைக் கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன். ஒரு மூலையை அள்ளிப் பார்ப்பேன். முழுவதும் எத்தனை கடகம் வரும் என்று கணக்குப் போட்டு, முப்பது கடகம் ஒரு வண்டி என்று கொப்பியில் எழுதி விலை சொல்வேன். சொன்ன விலையிலிருந்து இறங்கவும் மாட்டேன், ஏறவும் மாட்டேன்.

நாலு அலுமாரிக் கடுதாசி

முதல் வேலை ஒரு அரசாங்கக் கந்தோரில். புதுக் கட்டடத்துக்குப் போகிறார்கள். பழைய கடுதாசிகளை அப்புறப்படுத்த வேண்டும். தலைமை லிகிதர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் யாராவது ஆண்பிள்ளை வருகிறாரா என்று பார்த்தார். ஒருவரும் வராததால், நாலு அலுமாரிதான், திறக்கத் தேவையில்லை, ஒரு வண்டி என்று போடு என்றார். திறக்காமல் விலை சொல்ல மாட்டேன் என்று கதிரையை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்துவிட்டேன். அவர் அலுமாரிப் பூட்டுக்குத் திறப்பைத் தேட அரை மணித்தியாலம் எடுத்தது.

கதவு திறந்ததும் புற்றுத்தான் தெரிந்தது. கறையான் கடுதாசியைத் தின்று, தட்டுத் தட்டாக மண்ணைக் கட்டி வைத்திருந்தது. நாலிலும் அப்படித்தான். எல்லாம் பத்திரமாக இருப்பதாக வருசா வருசம் எழுதிக் கையெழுத்து வைத்தவர் இந்த லிகிதர்தானாம். நான் கொப்பியை விரித்து, "புற்றுமண், இருபது கடகம்" என்று எழுதத் தொடங்கினேன். அதுவரை என்னை "இஞ்சை பார்" என்று கூப்பிட்டவரின் குரல் தணிந்துவிட்டது: "அக்கா, மண் எண்டு எழுதாதேங்கோ, கடுதாசி எண்டே போடுங்கோ, சித்திரையோடை எனக்குப் பென்சன்."

மண் என்றுதான் எழுதினேன்.

நான் பார்க்காத மேல் பக்கம்

இதில் பிழை என்னுடையது. கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா, கடையை மருமகனிடம் கொடுப்பதற்கு முன் ஒழுங்காக்கித் தரச் சொன்னார். மூலை மூலையாக அளந்தேன், ஒரு வண்டி என்று விலை சொன்னேன். நிலத்தைப் பார்த்தேனே தவிர மேலே பார்க்கவில்லை. எங்கள் கடைக்காரர்கள் உடைந்ததை எறிகிற சாதியில்லை. எறியாமல் பரணில் ஏற்றிவிடுவார்கள். அன்றைக்கு அங்கிருந்து மண்ணெண்ணெய் ரின்கள், தேயிலைப் பெட்டிகள், தட்டில்லாத தராசு, சில்லில்லாத சைக்கிள், இவற்றுக்கு மேலே பல வருசத்து வௌவால் எச்சம் எல்லாம் இறங்கின. மூன்று வண்டி ஓடியது. ஆட்களுக்கு என் கையிலிருந்துதான் கொடுத்தேன்.

நானா நல்ல மனுசன். மிச்சத்துக்கும் காசு தருகிறேன் என்று மடியை அவிழ்த்தார். விலை சொன்னது நான், மேலே பார்க்காததும் நான், வேண்டாம் என்றேன். அன்றைக்கு வாங்கியிருந்தால் நாளைக்கு எல்லாரும் என் விலையை இழுத்துப் பார்ப்பார்கள் என்ற பயமும் இருந்தது. அவர் மாடுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "புள்ள, ரோசம் உனக்கு; மாடு ரெண்டுக்கும் ரோசமில்லை, அதுகளுக்கு வைக்கோலாவது ஏத்திக்கொண்டு போ."

வைக்கோலை ஏற்றிக்கொண்டுதான் வந்தேன்.

புளியங்குளத்துக் கதிரை

புளியங்குளம் சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருவர், பின்பக்கக் கொட்டிலைக் காலி செய்ய வேண்டும், கூலி கிடையாது, குப்பைக்குள் கிடக்கிற நல்ல சாமானெல்லாம் எனக்கு என்றார். தனக்கே வேண்டாம் என்று எறிந்ததற்குள் எனக்கு நல்லது தேடுகிறார். வெயிலில் வண்டியை இவ்வளவு தூரம் ஓட்டி வந்த எரிச்சல் வேறு. கொட்டிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "பார்த்திட்டன் அண்ணை. நல்லதெண்டு கண்டது நீங்கள் இருக்கிற கதிரை ஒண்டைத்தான். எழும்புங்கோ, ஏத்துவம்" என்றேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் கதிரையின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நான் எழும்பேல்லை, இருந்துகொண்டே சொல்லுறன், நீ கேட்ட கூலி சரி."

அரிந்த கதவு

அரிவுவெட்டுக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஒரு அரிசி ஆலை முதலாளி கூப்பிட்டார். புது நெல் வருமுன் களஞ்சியத்தை வெறிதாக்க வேண்டும். உள்ளே பார்த்தால் அதிகமில்லை, கிழிந்த சாக்குகளும் கொஞ்சம் உமியும்தான். ஆனால் கதவின் அடியை யாரோ இரண்டு தரம் அரிந்திருந்தார்கள். கதவு வளருமா என்று யோசித்தேன். இரும்பு அலவாங்கை வாங்கி நிலத்தில் குத்தினேன். ஒரு முழம் இறங்கியது. ஈரம் ஏறாமலிருக்க ஒவ்வொரு போகமும் பழைய உமிக்கு மேலேயே புது உமியைப் பரப்பி மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அது இறுகி இறுகி, எல்லாரும் நிலம் என்று நினைத்து நடக்கும் அளவுக்கு வந்துவிட்டது. பதினெட்டு வண்டி என்றேன்.

முதலாளி யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டார். இரண்டு நாளில் செய்தி வந்தது. இவருடைய தமையன் போய், அவளுக்கு என்ன தெரியும், நாலு வண்டி விலைக்கு நான் செய்கிறேன் என்று வேலையை எடுத்துவிட்டார். மறுநாள் காலையில் வண்டி கேட்டு என் வீட்டு வாசல் படலையில் நின்றார். "அண்ணை, வேலை உங்கடை. வண்டி எங்கடை. அது இண்டைக்குப் படலை தாண்டாது" என்றேன். அக்கராயனிலிருந்து வண்டி பிடித்தார். நாலு வண்டி ஏற்றினார், ஏழு ஏற்றினார், நிலம் இறங்கிக்கொண்டே போனது. எட்டாவது வண்டிக்குரியதை வாசலிலேயே குவித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

முதலாளி ஆள் அனுப்பினார், போனேன். பழைய விலைதான் என்றேன். ஏழு வண்டி போய்விட்டதே என்றார். போனது மேலே கிடந்த லேசு, இனி இருப்பது அலவாங்கு போட்டுப் பிளக்கிறது, வாசலில் குவித்ததையும் நான்தான் ஏற்ற வேண்டும் என்றேன். நெல் வண்டிகள் வரும் வழியைப் பார்த்துவிட்டு, பழைய விலைக்கே தலையாட்டினார். "நல்லகாலம் பிள்ளை, நீ ஆலை வைக்கேல்லை, நான் நெல்லு வாங்கேலாமல் போயிருக்கும்."

மாட்டைக் கேட்டு வந்தவர்

அரிவுவெட்டு முடிந்தது. தமையன் சொன்ன சொல் தவறாமல் வந்தார். களஞ்சியத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஏதோ ரெண்டு மூண்டு வேலை வாய்ச்சுப்போட்டுது. இதெல்லாம் நிலைக்காது" என்று முற்றத்தில் நின்றே சொல்லி, மாட்டின் கயிற்றில் கை வைத்தார். நான் குசினி அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். வாயைத் திறக்குமுன் உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. இவர் ஐந்து மாதமாகத் தமையனை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. சொன்னால் முதுகு வலிக்கும் என்பதுபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அது எனக்கு, அவர் முதுகு முறிந்ததைவிடப் பெரிய நோவு. அன்றைக்கு யன்னல் கம்பியைப் பிடித்து அரைவாசி எழும்பியிருந்தார். "அண்ணை, மாடு வேணுமெண்டால் அவாவைக் கேளுங்கோ, ஆனா அவா விலை சொன்னா இறங்க மாட்டா, வாங்கிற வக்கிருந்தாக் கேளுங்கோ."

அதற்குப் பிறகு ஊரிலுள்ள குப்பைக்கெல்லாம் விலை சொல்லிவிட்டேன், என் மாட்டுக்கு விலை சொல்லச் சொல்லி மட்டும் இன்றுவரை ஒருவரும் வரவில்லை.