கூட வந்தவர்

டோக்கன் எடுத்துக் கொடுத்தாயிற்று. இனி குஷன். பழைய திரைச்சீலைத் துணியில் மனைவி தைத்துக் கொடுத்ததை பையிலிருந்து உருவி, இரண்டு தட்டுத் தட்டி, தொழிலாளர் அலுவலகத்து நாற்காலியில் போடுகிறார் இவர். "உக்காருங்கம்மா, நேரமாகும்." அந்தக் குஷன், யாருக்குத் துணையாக வந்திருக்கிறாரோ அவருக்கு மட்டும்தான். தமக்கு வெறும் இரும்பு நாற்காலி போதும். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவருக்கு உட்கார்வதே சொகுசு.

எந்த அலுவலகத்தில் "நீங்க யாரு?" என்று கேட்டாலும் பதில் ஒன்றே: "கூட வந்தவன்." அதுவே பேராகிவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் குடையைத் தேடும் நேரத்தில், இவர் வாசலில் நின்று, "நாளைக்கு யாருக்கு எந்த ஆபீஸ்?" என்று விசாரிப்பார். தனியாக வரும் ஏழையை நாளைக்கு வா என்று விரட்டுவது சுலபம். பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் யோசிப்பார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. "ஜெபம் பண்ணிட்டுத்தான் வர்றேன். ஆனா டோக்கன் நாமதானே எடுக்கணும்?"

சும்மா உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தால் ஏமாந்தோம். மனுஷனுக்கு எதையும் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். இந்த ஆபீஸின் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுவதையும், அதைக் காட்டியே கவுன்டரை மூடுவதையும் கண்டுபிடித்தவர் இவர்தான். சண்டை போடவில்லை. மூன்று நாள் தம் கைக்கடிகாரத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் கடிகாரம் திருந்திவிட்டது!

கவுன்டரில் மட்டும் வாயே திறக்கமாட்டார். ஒருமுறை கண் தெரியாத ஒருவருக்காகக் கத்தித் தீர்த்துவிட்டார். அவருடைய பென்ஷன் கோப்பு நாலு மாதம் நகரவில்லை. "நான் பெரிய வீரனாட்டம் வீட்டுக்குப் போயிட்டேன். அவர் பட்டினி கிடந்தார்" என்பார்.

இன்று குஷனில் உட்கார்ந்திருப்பவள் தகர டப்பா ஆலையில் வேலை பார்த்தவள். இயந்திரத்தில் சிக்கி வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. அன்று அவள் வேலைக்கே வரவில்லை என்று ஆலை எழுதிக் கொடுத்துவிட்டது. நேரில் பார்த்தவர் கையெழுத்துப் போட்டால்தான் அவள் நஷ்டஈட்டு மனு நிற்கும். அதற்கு இன்றே கடைசி நாள்.

சபை அவளுக்கு மளிகை வாங்கிக் கொடுத்தது. அதோடு விட்டுவிடலாமே என்று பாஸ்டர் தயங்கியபோது இவர் கேட்டார்: "மளிகை தீர்ந்ததும் விரல் முளைச்சிடுமா பாஸ்டர்?" நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது.

பார்த்தவர் ஒருவரே: ஆலையின் மேற்பார்வையாளர். அவரும் வந்திருக்கிறார், ஆலைத் தரப்பில். நாலு நாற்காலி தள்ளி, மடியில் காகிதக் கட்டு. ஞாயிறுதோறும் சபையின் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்று தொண்டை நரம்பு புடைக்கப் பாடுகிற அதே ஆள்.

"மிஷின்லேருந்து என் கையை எடுத்ததே அவன்தான்யா. இப்ப மூஞ்சியத் திருப்பிக்கறான் பாருங்க" என்று அவள் பல்லைக் கடித்தாள்.

இவர் எழுந்து போய் மேற்பார்வையாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, அன்னிக்கு மிஷினை நிறுத்தினது யாரு?"

"நான்தாண்ணே."

"எந்தக் கையால?"

மேற்பார்வையாளர் தம் வலது கையைப் பார்த்தார். "எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா. தெரிஞ்சுக்கத்தான்."

கவுன்டரில் இரண்டு எண்கள் கூப்பிட்டு முடிந்தன. இவர் எழுந்து போகவில்லை. பக்கத்தில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நேரம்தான் தாங்குவது?

"எனக்கும் ரெண்டு பிள்ளைங்கண்ணே. உண்மையை எழுதினா நாளைக்கே வெளிய தள்ளிடுவாங்க."

"தள்ளினா, அதுக்கும் ஒரு ஆபீஸ் இருக்கும். அங்கயும் வர்றேன்."

மேற்பார்வையாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தரையைப் பார்த்தபடியே கேட்டார்: "சாட்சி சொல்றதுக்குத் தனியா டோக்கன் எடுக்கணுமா?"

இவர் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். காலையிலேயே எடுத்து வைத்தது. பிறகு அந்தப் பெண்ணிடம் வந்தார்.

"அம்மா, அந்தக் குஷன் கொஞ்சம் வேணுமே."

"அவனுக்கா?" அவள் முகம் சிவந்துவிட்டது.

இவர் காத்து நின்றார். அவள் அங்கே பார்த்தாள். மேற்பார்வையாளர் காகிதக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, டோக்கனை வலது கையில் பிடித்திருந்தார். மெல்ல எழுந்து, குஷனை இடது கையால் எடுத்துக் கொடுத்தாள்.

இவர் அதை இரண்டு தட்டுத் தட்டி, மேற்பார்வையாளரின் நாற்காலியில் போட்டார்.