சின்னப்பராஜின் சொந்தக் குரல்

படப்பை தொடங்கி வாலாஜாபாத் வரைக்கும் அம்மன் திருவிழாவோ, மாதா தேரோ, கல்யாண வரவேற்போ, எதுவானாலும் மேடையில் சின்னப்பராஜ் நின்றாக வேண்டும். பகலில் அரிசி மில்லில் மூட்டைக்கு எடை போடுகிறவர். சாயங்காலமானால் ஜிகினா சட்டை, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் ஒரு கிடார். கிடார் வாசிக்க அவருக்குத் தெரியாது. அதனால் என்ன? விசில் பறந்தது. எந்த நடிகருக்கு எந்தக் குரலோ, அதை அச்சு அசலாகக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

இருபத்திரண்டு வருஷம் இப்படி அடுத்தவர் குரலிலேயே பாடிய மனுஷனுக்கு, தலைக்கு மை பூச ஆரம்பித்த வயதில் ஓர் ஆசை வந்தது. தன் குரலில், தானே கட்டிய பாட்டை நாலு பேர் கேட்க வேண்டும். இதில் தப்பென்ன? ஆனால் அவர் பாடிய கச்சேரிக் குழுவை நடத்திய முனிரத்தினம் சிரித்துவிட்டான்.

"உன் குரலு எப்டி இருக்கும்னு இந்த ஊர்ல யாருக்குண்ணா தெரியும்? அத எவன் காசு குடுத்து கேப்பான்?"

சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே குழுவை விட்டு விலகி, எட்டுப் பாட்டு எழுதி, மெட்டும் போட்டு, தொண்ணூற்றொன்றாம் வருஷப் பொங்கலுக்கு ஒரு கேசட் கொண்டுவந்துவிட்டார். அட்டையில் அந்த வாசிக்கத் தெரியாத கிடாரோடு அவர் படம். சொந்தக்காரர்கள் ஓசியில் வாங்கிப் போனார்கள். பங்குச் சாமியார் மரியாதைக்கு ஒன்று வாங்கினார். மற்றதெல்லாம் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஆடி மாசத்தில் விலையைப் பாதியாகக் குறைத்தும் சீந்துவாரில்லை. மனைவி சூசையம்மாள் பெருக்கும்போது துடைப்பம் பெட்டியில் இடித்தால், இவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். பாவம், அவளும் அந்தப் பக்கம் பெருக்குவதையே விட்டுவிட்டாள்.

ஆவணியில்தான் அதிசயம் நடந்தது. வாலாஜாபாத் பஸ் நிலையத்துக்கு எதிரே ரெக்கார்டிங் கடை வைத்திருக்கும் தணிகாசலம் நாற்பது கேசட் வாங்கிப் போனான். பத்தே நாளில், இன்னும் வேண்டும் என்று ஆள் அனுப்பினான். சின்னப்பராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"சூச, நீயும் கெளம்பு. நம்ம கேசட்ட யார் யார் வாங்கறாங்கன்னு கடையில ஒக்காந்து பாப்போம்" என்றார்.

அவள் தேர்த் திருவிழாவுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பை நிறைய கேசட்டோடு காலை பஸ்ஸில் போய் இறங்கினார்கள்.

தணிகாசலத்தின் கடையில், பிடித்த சினிமாப் பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவான். இவர்கள் உள்ளே போனபோது அவன் குனிந்து மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தான். மேஜைக்கு அடியில் ஒரு கூடை. அதில் சின்னப்பராஜின் படம் போட்ட அட்டைகள் கசங்கிக் கிடந்தன. அவன் கையில் இருந்தது அவருடைய கேசட்தான். அதை அழித்துப் பதிய முடியாதபடி மேல் விளிம்பில் விட்டிருந்த ஓட்டையில், அவன் காகிதத்தைச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தான். அவருடைய பாட்டை அழித்துவிட்டு அதன்மேல் சினிமாப் பாட்டு பதிவதற்காக.

நிமிர்ந்து பார்த்தவன் கேசட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"அண்ணா, தப்பா எட்த்துக்காத. காலி கேசட்ட விட உன்னுது வெல கம்மியா கீது. டேப்பு வேற நல்ல டேப்பு. அதான்…"

சின்னப்பராஜ் பைகளை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தார். பஸ் நிலையத்து ஓரத்தில் கங்கம்மாள் என்பவளின் இட்லிக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சூசையம்மாள் இரண்டு இலைக்குச் சொன்னாள். அவர் இலையைத் தொடவில்லை.

"முனிரத்தினம் சொன்னதுதான் சரி. இனிமே நான் வாயத் தொறக்க மாட்டேன் சூச. எந்தக் குரல்லயும் பாட மாட்டேன்."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். இந்த மனுஷன் பாடாமல் எப்படி இருப்பார்? முணுமுணுக்காமல் பல்கூட விளக்கத் தெரியாதே. அவர் இலையை அவர் பக்கம் நகர்த்திவிட்டுத் தன் இட்லியைப் பிட்டுத் தின்றாள்.

கடையில் ஒரு டேப்ரெக்கார்டர் சினிமாப் பாட்டு பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அடுத்து, மேளதாளம் அதிகமில்லாமல், பாதியிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"…கஞ்சி ஆறிப் போகுது, கண்ணத் தொறந்து பாரும்மா. நீ நடந்து வந்தா போதும், நம்ம வூடு தானா விடியும்."

அவருடைய குரல். எட்டு வருஷத்துக்கு முன்னால் சூசையம்மாள் மஞ்சள் காமாலையில் நினைவில்லாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கட்டிய பாட்டு. கங்கம்மாள் எழுதிக் கொடுத்த சினிமாப் பாட்டெல்லாம் தீர்ந்த இடத்தில் தணிகாசலம் பதிவதை நிறுத்தியிருக்கிறான். அழியாமல் மிஞ்சியது இந்த மூன்று நிமிஷம். கங்கம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து சத்தத்தைக் கூட்டினாள். பாட்டு முடிகிற வரைக்கும் யாருக்கும் சட்னி ஊற்றவில்லை.

சின்னப்பராஜ் பெஞ்சை விட்டு எழுந்தார். "யாரும்மா பாடறது?"

"தெர்லண்ணா. இந்தத் துண்டு கடைசில ஒட்டிக்கினு வந்துச்சி. மொதல்ல அழிச்சிக் குடுன்னு கேக்கலாம்னு இருந்தேன். இப்ப இத்த கேக்கறதுக்காவதான் டேப்பே போடறேன். ஒடம்பு முடியாத பொம்பளயப் பாத்து பாடறாரு போல. ஆனா முன்ன இன்னா, பின்ன இன்னா, ஒண்ணுமே தெர்ல. அவ பொழச்சி எழுந்தாளா இல்லியாண்ணா? அதான் மனசு கெடந்து அடிச்சிக்கிது."

அவர் வாயைத் திறந்தார். கண்ணீர்தான் வந்தது.

சூசையம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுந்துட்டேன்மா. எழுந்து உன் கடைலதான் இட்லி துன்னுகினு கீறேன்."