எதிர்க்கடை மோர்மிளகாய்

பிச்சைக்கனி அண்ணாச்சிக்கு வயிறு எரியத் தொடங்கி ஒன்றேகால் வருஷம் ஆகிறது. டாக்டரிடம் காட்டித் தீருகிற எரிச்சல் இல்லை அது. எதிர்க்கடையில் ஷீஜா வந்து உட்கார்ந்த நாளிலிருந்து பிடித்தது.

சாலைக் கடைத்தெருவில் அண்ணாச்சியின் வத்தல் கடைக்கு இருபத்தாறு வயது. திசையன்விளையிலிருந்து மலையாள தேசத்துக்கு வந்து, அரிசி மண்டியில் மூட்டை தூக்கி, அதற்குப் பிறகு சொந்தமாகப் போட்ட கடை. அப்பளமும் கூழ்வத்தலும் உண்டென்றாலும் பேர் வாங்கிக் கொடுத்தது மோர்மிளகாய்தான். மலையாளிகள் அதைக் கொண்டாட்டம் என்பார்கள். கனி கடைக் கொண்டாட்டம் என்றால் ஸ்ரீவராகத்து மாமிகள்கூட வேறு கடையை ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள்.

எதிர்க்கடை ஞானசிகாமணியும் அதே சரக்குத்தான் விற்றார். அவரால் அண்ணாச்சிக்கு ஒரு தொந்தரவும் இல்லை, மனிதர் பாதி நேரம் தூங்குவார். முழங்கால் வலி வந்து அவர் வீட்டோடு இருந்துவிட, மகள் ஷீஜா கடைக்கு வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? செல்போனைத் தராசில் சாய்த்து வைத்து, மிளகாய் எண்ணெயில் பொரிகிற சத்தத்தை அப்படியே இன்ஸ்டாகிராமில் விட்டாள். இப்போது அவள் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் நாற்பத்தோராயிரம் பேர்.

அண்ணாச்சியும் விடவில்லை. கனி கடைக்கு ஒரு பக்கம் ஆரம்பித்து, தினமும் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் போட்டார். நூற்றுப்பதினேழு பேர் சேர்ந்தார்கள், அதில் பாதி சொந்தக்காரர்கள். காலையில் சாமி கும்பிடுவதற்கு முன்னால் ஷீஜாவின் பக்கத்தைத் திறந்து எண்ணிக்கையைப் பார்த்துவிடுவார். கூடியிருந்தால் அன்றைக்குக் காப்பி கசக்கும். குறைந்த நாள் என்று ஒன்று வரவேயில்லை.

ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்தப் படம் வந்தது. நகரத்தில் பட்டம் என்ற பகுதியில் இருக்கும் மாளவிகா என்ற பெண் போட்டது. பிரித்த பாக்கெட்டுக்குள் மோர்மிளகாயில் வெள்ளையாய்ப் பூஞ்சை படர்ந்திருந்தது. பக்கத்திலேயே ஷீஜா கடையின் பேர் அச்சடித்த துணிப்பை. 'இந்தக் கடையை நம்பி ஏமாந்தேன்' என்று மலையாளத்தில் எழுதியிருந்தாள்.

அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. வியாபாரிகள் குரூப், சங்கத்துக் குரூப், சம்பந்தி வீட்டுக் குரூப் என்று எதையும் விடாமல் அனுப்பினார். 'ரீல்ஸ் கடையின் லட்சணத்தைப் பாரீர். அசல் கொண்டாட்டத்துக்குக் கனி கடை' என்று அடியில் சொந்தமாக ஒரு வரியும் சேர்த்தார். அப்புறம் பெருமையாக மனைவி பொன்செல்வியிடம் நீட்டினார்.

பொன்செல்வி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இது நம்ம பாக்கெட்டுல்லா?"

"பேசாம இரு. பை ஆருக்க பைன்னு தெரியலயா?"

"பை அவளுக்குள்ளது. உள்ள இருக்கது நம்ம பாக்கெட்டு. வாய நாந்தான் மெழுகுதிரில ஒட்டினேன், சுருங்கி இருக்கு பாருங்க. வெள்ளிக்கெழம நீங்க மச்சான ரயிலேத்தத் தம்பானூர் போனியள்ளா? அப்பம் ஷீஜா வந்து, சரக்குத் தீந்துபோச்சு மைனி, அஞ்சு பாக்கெட்டு தாங்கன்னா. எடுத்துக் குடுத்தேன்."

சாலைக் கடைத்தெருவில் அதுதான் வழக்கம். ஒரு கடையில் சரக்குத் தீர்ந்தால் எதிர்க்கடையில் எடுத்துத் தன் பையில் போட்டுக் கொடுப்பார்கள், வாங்க வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். அண்ணாச்சியே எத்தனையோ தடவை செய்திருக்கிறார்.

"இன்னும் ரெண்டு வெயில் காணட்டும்னு சொன்னேன். அவளுக்கு முந்தி ஓணச் சரக்கு எறக்கணும்னு நீங்கதான் பாதி ஈரத்துல கட்டச் சொன்னிய" என்றாள் பொன்செல்வி.

அண்ணாச்சி போனைத் திரும்பப் பிடுங்கினார். ஷீஜா ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருபத்தாறு வருஷத்துப் பேர் நாற்பத்தோராயிரம் பேர் முன்னால் சந்தி சிரித்துவிடும். அனுப்பியதை அழிக்கப் போனார். பதற்றத்தில் எல்லாருக்கும் அழிப்பதற்குப் பதிலாக, தனக்கு மட்டும் அழிப்பதை அழுத்திவிட்டார். அவர் போனில் மட்டும் காணாமல் போனது, ஊரெல்லாம் இருந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

"வாங்க அண்ணாச்சி" என்றாள் ஷீஜா.

"மக்களே, அந்தப் படம்..."

"கண்டேன். எட்டு குரூப்புல இருந்து எனக்கே வந்தாச்சு. அடியில உங்க கடைப் பேரும் உண்டு, கேட்டோ."

அண்ணாச்சி தராசைப் பார்த்தபடி நின்றார். "நீ என்ன சொல்லப் போற?"

"அவங்க எங்கடையிலல்லா வாங்கினாங்க. நீங்க பயப்படாண்டாம், உங்க பேரு வராது."

சாயங்காலமே ஷீஜா ஒரு வீடியோ போட்டாள். ஒப்பனை இல்லை, பாட்டு இல்லை. என் கையிலிருந்து வாங்கினீர்கள், திறந்து பார்க்காமல் கொடுத்தது என் தவறு, மன்னிக்க வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னாள். மீதி நாலு பாக்கெட் வாங்கியவர்களும் திருப்பிக் கொண்டுவரலாம் என்றாள். புதுச் சரக்கை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பட்டத்துக்கும் போய்வந்தாள். இப்படியும் ஒரு கடைக்காரி உண்டா என்று மாளவிகாவே எழுதினாள். அதற்குக் கீழே ஆயிரம் பேர் ஆமாம் போட்டார்கள். மறுநாள் காலையில் எண்ணிக்கை ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

அண்ணாச்சி பிழைத்தார். ஆனால் நிம்மதி வரவில்லை. அவள் சொன்ன மன்னிப்பை வரிவரியாக வாசித்தார். நியாயமாகப் பார்த்தால் இந்த மன்னிப்பு தன்னுடையது அல்லவா? மிளகாய் தன்னுடையது, ஈரம் தன்னுடையது, பூஞ்சைகூடத் தன்னுடையது. பேர் மட்டும் அவளுக்கா?

ஆத்திரத்தில் ஒரு நல்ல காரியம் செய்ய முடிவெடுத்தார். அந்த வீடியோவின் கீழே ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். 'அந்த மிளகாய் என் கடையில் எடுத்தது. ஷீஜா மேல் தப்பில்லை. இப்படிக்கு, கனி வத்தல் கடை.'

அனுப்பும் முன் ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. இதைப் போட்டால் என்ன நடக்கும்? அடுத்தவன் குற்றத்தை வாய் திறக்காமல் தன் தலையில் போட்டுக்கொண்டாளே என்று இன்னும் ஐம்பதாயிரம் பேர் அவளைக் கும்பிடுவார்கள்.

தன் பேர் கெட்டால்கூட அண்ணாச்சி தாங்கிக்கொள்வார். எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.